காஸ்பல் நாடகம் நாடகமில்லையா?

அன்புள்ள ஐயா,

நான் அட்லாண்டாவில் வேலை செய்கிறேன். என்னுடன் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண்மணி ஒருவர் தன் சர்ச் ஆட்களோடு ஒரு காஸ்பல் நாடகத்துக்கு, அதாவது கறுப்பினச் சர்ச் பாடல்களை வைத்து நடத்தும் நாடகத்துக்கு, போனபோது என்னையும் அழைத்துச் சென்றார். கதை பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. போதையில் விழுந்த மகன், விடாமல் ஜெபம் செய்யும் அம்மா, ஏமாற்றும் மருமகன், கடைசியில் மனந்திரும்புதல். ஆனால் அந்த அரங்கத்தை மறக்க முடியவில்லை. எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள், அழுதார்கள். நானும் அழுதேன்.

நாடகம் படிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அது நாடகமே இல்லை, கறுப்பின மக்களைக் கோமாளிகளாகக் காட்டிக் காசு பார்க்கிற வியாபாரம். ஆகஸ்ட் வில்சனைப் படி" என்றார். கறுப்பின நாடகாசிரியரான அந்த வில்சனின் 'ஃபென்சஸ்' நாடகத்தைப் படித்தேன், பெரிய படைப்புதான். ஆனால் அன்று நான் பார்த்த கூட்டம் வில்சன் நாடகத்துக்கு வருமா? நான் பார்த்தது என்ன? கறுப்பின நாடகம் இன்று எப்படி இருக்கிறது?

ஒரு வாசகர், அட்லாண்டா

*

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பார்த்தது நாடகம்தான். அழுததற்காகக் கூச்சப்பட வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த நாடகங்களுக்கு நீண்ட வம்சாவளி உண்டு. நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் மக்களுக்காக ஊர் ஊராகப் போய் ஆடிப் பாடிய கொட்டகைகளின் வலைப்பின்னலை 'சிட்லின் சர்க்யூட்' என்பார்கள். சிட்லின் என்பது பன்றிக்குடல் கறி, தெற்கத்திய ஏழை வீட்டுச் சாப்பாடு. 1961-ல் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 'பிளாக் நேட்டிவிட்டி' மூலம் கிறிஸ்து பிறப்பை காஸ்பல் பாடகர்களைக் கொண்டு நியூயார்க் மேடைக்குக் கொண்டுவந்தார். 1976-ல் வினெட் கேரல் மத்தேயு சுவிசேஷத்தை நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயில் பாட்டும் ஆட்டமுமாக நிகழ்த்தினார். 1983-ல் வை ஹிகின்சனும் கென் வைட்ரோவும் 'மாமா, ஐ வாண்ட் டு சிங்' நாடகத்தைக் கிழக்கு ஹார்லெமில் ஒரு பழைய அரங்கில் தொடங்கினார்கள். சர்ச் கூட்டம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. எட்டு ஆண்டு ஓடியது.

1987-ல் ஷெல்லி காரெட்டின் 'பியூட்டி ஷாப்' வந்த பிறகு ஊர்சுற்றும் நாடகங்கள் பெருகின. விளம்பரம் கறுப்பின வானொலியில், நோட்டீஸ் முடிதிருத்தும் கடைகளிலும் சர்ச் வாசலிலும். பெரிய பத்திரிகைகளில் விமர்சனம் வராது, அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இன்று சினிமாவிலும் பெயர்பெற்ற டைலர் பெர்ரி இந்த வகை நாடகங்களை உங்கள் ஊரில்தான் தொடங்கினார். 1992-ல் சேமிப்பையெல்லாம் போட்டு நடத்திய முதல் நாடகத்துக்கு ஆளே வரவில்லை. ஆறு ஆண்டு கழித்து அதே நாடகம் அதே ஊரில் நிரம்பி வழிந்தது. இன்று பழைய இராணுவ முகாமான ஃபோர்ட் மெக்பெர்சனில் 330 ஏக்கரில் அவருடைய படப்பிடிப்புத் தளம் இருக்கிறது.

இப்போது வில்சன். 1996 ஜூனில் பிரின்ஸ்டனில் நாடகக்காரர்கள் மாநாட்டில் அவர் ஆற்றிய உரையை அவசியம் படியுங்கள். நாட்டின் முக்கியமான வட்டார அரங்குகளின் கூட்டமைப்பில் இருந்த 66 அரங்குகளில் கறுப்பின அரங்கு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று என்று அவர் சொன்னார். நியூஜெர்சியின் கிராஸ்ரோட்ஸ் அது. கறுப்பினக் கலையில் இரண்டு வழிகள் உண்டு, எஜமானரின் மாளிகையில் அவரை மகிழ்விக்கச் செய்தது ஒன்று, அடிமைகள் தங்கள் குடிசைகளில் தங்களுக்காகச் செய்துகொண்டது மற்றொன்று, என் இடம் இரண்டாவதில் என்றார். நெஞ்சை நிமிர்த்த வைக்கும் உரை.

எட்டு மாதத்தில் கறுப்பின இலக்கிய அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் நியூயார்க்கர் இதழில் பதில்போல ஒரு கட்டுரை எழுதினார். நியூவார்க் நகரில் காஸ்பல் நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு எழுதியது. கறுப்பினப் பார்வையாளர்களுக்காக, கறுப்பினப் பணத்தில், யார் மானியமும் இல்லாமல் நடக்கும் அரங்கு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். 1926-லேயே கறுப்பினச் சிந்தனையாளர் டுபோய்ஸ் நம்மைப் பற்றி, நம்மால், நமக்காக, நம் அருகில் நடப்பதே நம் நாடகம் என்று எழுதிவிட்டார். அந்த நான்கையும் சேர்த்து நிறைவேற்றியவர்கள் உங்கள் நண்பர் ஒதுக்கித் தள்ளும் இந்த நாடகக்காரர்கள்தான். இந்த நியாயத்தை அவர்களுக்குச் செய்யாமல் மேலே பேசக்கூடாது என்று நினைக்கிறேன்.

அன்று உங்களை அழவைத்தது எது? அந்த அம்மா பாத்திரம் பாட ஆரம்பித்திருப்பார். பாட்டு முடிய வேண்டிய இடத்தில் முடிந்திருக்காது. ஆர்கன்காரர் கடைசிச் சுரங்களையே சுற்றிச் சுற்றி வாசிப்பார், அந்த அம்மா ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சற்று உயர்த்திப் பாடுவார். சபையிலிருந்து ஒரு குரல் "சொல்லும்மா" என்னும். அந்தக் குரலுக்கு அவர் பதில் பாடுவார். எவ்வளவு நேரம் நீட்டுவது என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. இது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலிருந்து நேராக வந்த கலை, இதற்குத் தேறிய பாடகர் வேண்டும். வில்சனும் இதே ஊற்றில் குடித்தவர்தான். அவருடைய 'ஜோ டர்னர்ஸ் கம் அண்ட் கான்' நாடகத்தில் முதல் அங்கத்தின் முடிவில் எல்லாரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் கைதட்டி ஜூபா என்ற ஆப்பிரிக்க வழி ஆட்டம் ஆடி, பரிசுத்த ஆவியை அழைப்பார்கள். அப்போது லூமிஸ் என்பவன் உள்ளே வந்து, எலும்புகள் தண்ணீர்மேல் நடப்பதைக் கண்டதாகச் சொல்லித் தரையில் விழுவான், கால் எழும்பாது.

வேறுபாடு அந்தக் காட்சியில்தான் இருக்கிறது. காஸ்பல் நாடகத்தில் ஆவி இறங்கினால் சிக்கல் தீர்ந்துவிடும். குடிகாரன் திருந்துவான், துரோகி தண்டனை பெறுவான், நல்ல பெண்ணுக்கு நல்ல கணவன் கிடைப்பான். வில்சனிடம் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. உங்கள் நண்பரின் பக்கம் இருக்கும் நியாயம் இதுதான். ஒரு மனிதன் ஏன் இப்படி ஆனான் என்று கேட்காமலே அவனைத் திருத்திவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பார்க்க வந்தவர்களின் வீட்டில் அந்த மகன் உண்மையிலேயே இருக்கிறான்.

அதே தேவாலயத்தை, அதே பாட்டை வைத்து வேறொன்று செய்ய முடியும் என்பதற்குக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் 'தி ஆமென் கார்னர்' நாடகம் சாட்சி. பதினான்கு வயதில் பிரசங்க மேடை ஏறியவர் அவர். அந்த நாடகத்தில் ஹார்லெமில் ஒரு சிறிய தேவாலயத்தை நடத்தும் மார்கரெட் என்ற போதகர், கணவனையும் மகனையும் இழந்து, கடைசியில் தன் சபையாராலேயே வெளியேற்றப்படுகிறார். கடவுளை நேசிப்பது என்றால் அவர் பிள்ளைகள் எல்லாரையும் நேசிப்பது என்று பிரசங்க மேடையை இழக்கும் நேரத்தில்தான் அவருக்குப் புரிகிறது. 1955-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் முதலில் நடந்தது, பிராட்வேக்கு வரப் பத்து ஆண்டு ஆயிற்று. முழுக்கப் பாட்டு, முழுக்க விசுவாசம். எந்தச் சுலபத் தீர்வும் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு, மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மேடைகளில் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களை நடத்தும் விதம் பல நேரம் கொடூரமானது. மைக்கேல் ஆர். ஜாக்சனின் 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்' இதை எதிர்கொண்ட நாடகம். எழுத்தாளனாகத் துடிக்கும் ஒரு கறுப்பின இளைஞனிடம் அவன் அம்மா டைலர் பெர்ரி மாதிரி நல்ல காஸ்பல் நாடகம் எழுதக்கூடாதா என்று மன்றாடுகிறாள். கடைசியில் அவன் எழுதுகிறான். எய்ட்ஸ் நோயைக் கடவுளின் தண்டனை என்று கோரஸ் பாடும் காட்சி அது. அந்த நாடகத்துக்கு 2020-ல் புலிட்சர் விருது, 2022-ல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது.

நிலைமை என்ன என்று கேட்டீர்கள். நல்ல நாடகாசிரியர்களுக்குப் பஞ்சமில்லை, கட்டடம்தான் அவர்கள் கையில் இல்லை. வில்சன் சுட்டிய கிராஸ்ரோட்ஸ் 1999-ல் சிறந்த வட்டார அரங்குக்கான டோனி வாங்கியது, அடுத்த ஆண்டே கடன் தாங்காமல் நாடகங்களை நிறுத்திவைத்தது. 2021-ல் பெருந்தொற்றுக்குப் பிறகு பிராட்வே திறந்தபோது ஒரே பருவத்தில் கறுப்பின நாடகாசிரியர்களின் ஏழு நாடகங்கள் வந்தன. கொண்டாடினார்கள். சில சீக்கிரமே மூடின. அவற்றில் ஒன்று ஆலிஸ் சைல்ட்ரஸ் 1955-ல் எழுதிய 'டிரபிள் இன் மைண்ட்'. முடிவை மென்மையாக்கினால் பிராட்வே என்றார்கள் தயாரிப்பாளர்கள், அவர் சம்மதிக்கவில்லை. அறுபத்தாறு ஆண்டு கழித்து அந்த மேடைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. யாருடைய பணம், யாருடைய அரங்கு என்ற கேள்வி தீராதவரை இது நடந்துகொண்டுதான் இருக்கும். காஸ்பல் நாடகக்காரர்கள் அந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டார்கள். அந்தக் கூட்டத்தின்மேல் நம்பிக்கை வைத்துக் கடினமான கதையையும் அவர்கள் முன் வைத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

அந்தக் கூட்டம் வில்சனுக்கு வருமா என்று கேட்டீர்கள் இல்லையா? உங்கள் ஊரிலேயே கென்னி லியோன் 2002-ல் தொடங்கிய ட்ரூ கலர்ஸ் நாடகக் குழு இருக்கிறது. வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் 1989 முதல் கறுப்பின நாடக விழா இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது, அட்லாண்டாவிலிருந்து ஐந்து மணி நேரம் காரில் போனால் போதும். இந்த முறை நீங்கள் அந்தப் பெண்மணியை அழைத்துப் போங்கள். முடிந்தால் உங்கள் நண்பரையும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்