மரத்தின் மேல் ஓர் இரவு: சிங்கப்பூரில் முடியுமா?

கேள்வி: மரம் வெட்டிச் சீரமைக்கும் நிறுவனத்தில் கயிறு கட்டி ஏறும் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டில் என்னைப் போன்றவர்கள் விடுமுறையில் மரத்திலேயே ஹம்மாக் (தொங்கு படுக்கை) கட்டித் தூங்குவதை வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்கும் நண்பர்கள் இருவருக்கும் அதே ஆசை. பாசிர் ரிஸ் பூங்காவிலோ புலாவ் உபினிலோ செய்யலாமா? கம்பெனியின் கயிறும் ஹார்னஸும் (உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) போதுமா?
– ஈசூன் வாசகர்

பதில்: இடத்தை முதலில் பார்ப்போம். பாசிர் ரிஸ்ஸும் வேண்டாம், உபினும் வேண்டாம். பாசிர் ரிஸ், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக்களில் அனுமதி வாங்கிக் கூடாரம் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அனுமதி தரையில் ஒதுக்கிய இடத்துக்கு மட்டும்தான். அதைக் காட்டி மரத்தில் கயிறு கட்ட முடியாது. உபினின் ஜெலுத்தோங், மாமாம் முகாம் இடங்களும் தரையில் தங்கத்தான். புக்கிட் தீமா வனப்பகுதியை மாலை 7 மணிக்கே மூடிவிடுவார்கள். "போன வாரம் இதே மரத்தில்தானே ஏறி கிளை வெட்டினேன்" என்ற வாதமும் எடுபடாது. அன்று ஏறியது வேலை ஒப்பந்தத்தின் பேரில்.

மிஞ்சுவது தனியார் நிலம். பெரிய மரம் நிற்கும் தரைவீடு தெரிந்தவருக்கு இருந்தால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஜொகூரில் பழத்தோட்டம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். தோட்டக்காரர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சரி, டுரியான் மரத்தடியிலோ மரத்திலோ மட்டும் படுக்காதீர்கள். பழம் பெரும்பாலும் இரவில்தான் விழும்.

இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்கி வைத்தவரும் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்தான். அட்லாண்டாவில் மரப் பராமரிப்பு வேலை செய்த பீட்டர் ஜென்கின்ஸ் 1983இல் பொழுதுபோக்காக ஏறுபவர்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதனால் ஏறும் நுட்பத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் கற்காதது தூங்குவது. வேலை நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் முடிச்சைப் பார்க்கிறீர்கள், கிளையின் சத்தத்தைக் கேட்கிறீர்கள். தூங்கிவிட்டால் எட்டு மணி நேரம் எதையும் பார்க்கப்போவதில்லை. அந்த எட்டு மணி நேரத்துக்கான முடிவுகளை ஏறும்போதே எடுத்து வைத்துவிட வேண்டும்.

அதில் முதலாவது, உடல் கட்டிய கயிறும் ஹம்மாக் கட்டிய இடமும் வேறுவேறாக இருப்பது. ஹார்னஸைக் கழற்றாமல் படுங்கள். உங்கள் உடலைத் தாங்கும் அந்த உயிர்க்கயிறு தலைக்கு மேலே, உயிரோடு இருக்கும் தடித்த கிளையில் இருக்கட்டும். கயிறு மாட்டும் நங்கூரக் கிளைக்குக் குறைந்தது 15 செ.மீ. விட்டம் வேண்டும் என்பது என் கணக்கு. கயிற்றில் தொய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும். பிளேக்ஸ் ஹிட்ச் போன்ற, எடை விழுந்தால் கயிற்றை இறுகப் பிடிக்கும் உராய்வு முடிச்சில் தொங்குகிறீர்கள் என்றால், அதன் அடியில் இன்னொரு தடுப்பு முடிச்சு போட்ட பிறகே கண்ணை மூடுங்கள்.

ஹம்மாக்கை எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் அனுபவசாலிகளும் தவறுவார்கள். கட்டும் வார் கிடைமட்டத்திலிருந்து 30 பாகைச் சாய்வில் இருந்தால், 75 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 75 கிலோ இழுவை வரும். துணிக்கொடியைப் போல விறைப்பாக, 10 பாகையில் கட்டினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 215 கிலோவைத் தாண்டும். அதுவும் கிளைகளைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை. எடையைக் கீழ்நோக்கித் தாங்கியே வளர்ந்த கிளைக்கு அது புதிது. அதனால் நன்றாகத் தொய்ய விடுங்கள். நான்கு மூலையிலும் கட்டும் 'ட்ரீபோட்' வகைப் படுக்கை கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் முதுகு நேராக இருக்கும், புரண்டு படுத்தாலும் எளிதில் கவிழாது.

அடுத்து மரம். அங்சானாவும் அல்பீசியாவும் வேண்டவே வேண்டாம், கிளை ஒடிவதில் இரண்டுக்கும் நல்ல பெயர் இல்லை. தூங்குமூஞ்சி மரம் அகலமாக, வசதியாகத் தெரியும். ஆனால் அதன் கவைகளில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணியை நீங்களே வெட்டிப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குடித்த பெரணி தலைக்கு மேலே தொங்கினால் அது பெரிய சுமை. எறும்பும் சில சமயம் பாம்பும் அதற்குள் குடியிருக்கும். தெம்புசு உறுதியான மரம். ஆனாலும் பெயரை மட்டும் நம்பாதீர்கள். 2017 பிப்ரவரி 11 அன்று பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) 40 மீட்டர் உயரத் தெம்புசு ஒன்று வேரோடு சாய்ந்ததில் ஒரு பெண் உயிரிழந்தார். 270 ஆண்டுக்கு மேல் நின்ற மரபுடைமை மரம் அது. ஆகவே அடிமரத்தில் காளான் இருக்கிறதா, வேரைச் சுற்றி மண்ணில் விரிசல் விட்டிருக்கிறதா, இரட்டைத் தண்டின் கவையில் வெடிப்பு தெரிகிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் வேறு மரம் தேடுங்கள். முசுறு எறும்புக் கூடும் குளவிக் கூடும் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நான் அதிகம் அஞ்சுவது வானிலையைத்தான். பிற்பகல் இடிமழை நமக்குப் பழக்கம், கருத்துக்கொண்டு வரும்போதே இறங்கிவிடுவோம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா சூறைக்காற்று அப்படியல்ல. மலாக்கா நீரிணையைத் தாண்டி, பெரும்பாலும் விடியலுக்கு முன்தான் நம்மை எட்டும். மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகக் காற்று, மின்னல், ஒன்றிரண்டு மணி நேர மழை. அதாவது, நீங்கள் அயர்ந்து தூங்கும் நேரத்தில் வருகிறது. அதனால் அந்த மாதங்களில் இதைச் செய்யாதீர்கள் என்பதே என் யோசனை. வடகிழக்குப் பருவக்காற்றின் வறண்ட கட்டமான பிப்ரவரி, மார்ச் தொடக்கம் கொஞ்சம் பரவாயில்லை. அப்போதும் இரவு படுக்கும் முன் மழை ரேடாரைப் பாருங்கள். மூவரில் ஒருவர் தரையில் தங்கி, முறைவைத்து விழித்திருக்கட்டும். இடிச் சத்தம் கேட்டால் எல்லோரும் இறங்க வேண்டும், அரைத் தூக்கத்தில் விவாதம் வேண்டாம்.

அவர் தரையில் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மயங்கிய நிலையில் ஹார்னஸில் அசையாமல் தொங்குவது சில நிமிடங்களிலேயே ஆபத்தாகிவிடும். மீட்புக் கயிறு ஒன்றை முன்பே போட்டு வைத்து, ஒருவரை ஒருவர் இறக்கும் ஒத்திகையை இருட்டில், தலைவிளக்கோடு செய்து பாருங்கள். முதல் இரவுக்கு நான்கு, ஐந்து மீட்டர் உயரமே தாராளம். அங்கிருந்து விழுந்தாலும் உயிர் போகலாம், ஆனால் மீட்பது எளிது. அப்புறம், மேலே அடுப்பு பற்றவைக்காதீர்கள். சிறுநீருக்கு அகல வாய்ப் போத்தல் ஒன்று வேண்டும். கைபேசி முதல் கண்ணாடி வரை எல்லாவற்றையும் கயிற்றில் கட்டிவிடுங்கள், கீழே ஆள் இருக்கிறார்.

கம்பெனிச் சாமானைப் பொறுத்தவரை, வேண்டாம். கயிறும் ஹார்னஸும் எங்கே, எப்படிப் பயன்பட்டன என்ற பதிவோடு இருக்க வேண்டியவை. இரவு முழுக்க மழையில் நனைந்து, பட்டையில் உரசிய கயிற்றைத் திங்கட்கிழமை இன்னொருவர் நம்பி ஏறுவார். சொந்தமாக வாங்குங்கள், மரப்பட்டையும் கயிறும் தேயாதிருக்க உராய்வுக் காப்புப் பட்டை ஒன்றையும் சேர்த்து. விடுமுறையில் நேரும் காயம் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் வராது. எனவே உங்கள் சொந்தக் காப்புறுதி உயரத்தில் ஏறுவதையும் ஜொகூரையும் உள்ளடக்குகிறதா என்று தேதி குறிக்கும் முன்பே முகவரிடம் கேட்டுவிடுங்கள்.