கூறை எடுக்கப் போகும்போது கமரா: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வீட்டாரும் கல்யாணக் கூறைச்சேலை எடுக்கப் போகிறபோது படம் எடுக்க என்னையும் கூப்பிடுகிறார்கள். கிளிநொச்சிக் கடைகளுக்குள் எடுத்தால் அரக்குக் கூறை செம்மஞ்சளாக வருகிறது. படத்துக்குக் குறுக்கே மங்கல் பட்டைகளும் விழுகின்றன. கமரா பழுதா?
- வாசகர், பரந்தன்

பதில்: கமரா பழுதில்லை. முதலில் பட்டையைப் பார்ப்போம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் பழைய ரியூப் லைற்றும் மலிவான எல்.ஈ.டி.யும் வினாடிக்கு 100 தரம் மங்கித் துலங்கும். கண்ணுக்கு அது பிடிபடாது. ஷட்டர் வேகம் 1/500 வினாடியில் இருந்தால், படத்தைப் பதிகிற சென்சரின் சில வரிகள் துலக்கத்திலும் சில வரிகள் மங்கலிலும் பதிந்துவிடும். 1/100 வைத்தால் எல்லா வரிக்கும் ஒரு முழுத் துடிப்புக் கிடைக்கும். சத்தம் வரக்கூடாதென்று 'சைலன்ட்' ஷட்டரில் எடுப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை கூட. புடைவைக்கடை இரைச்சலில் உங்கள் கமராவின் 'டிக்' யாருக்குக் கேட்கப்போகிறது? 'சைலன்ட்'டை நிறுத்திவிடுங்கள். லென்ஸ் துவாரம் எஃப் 2.8, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 1600 என்று தொடங்கிப் பாருங்கள். சேலையை உதறி விரிக்கிற கை கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், துணி அசைவது தெரிந்தால் நல்லதுதான். 1/100 க்கும் அடங்காத எல்.ஈ.டி.க்கள் உண்டு. அப்படியென்றால் பொம்பிளையை அந்த விளக்கின் கீழிருந்து நகர்த்த வேண்டியதுதான்.

நிறக் கோளாறு வேறு கதை. கடும் சிவப்பில் சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழியும். கமராவின் பொது ஒளி வரைபடம் (ஹிஸ்டோகிராம்) 'எல்லாம் சரி' என்று காட்டிக்கொண்டேயிருக்கும். மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். சிவப்பு அதன் வலது ஓரத்தில் முட்டி நின்றால் எக்ஸ்போஷரை (படத்துக்கு விழும் ஒளியளவை) ஏறக்குறைய முக்கால் படி குறையுங்கள். நிறத் தெரிவு 'விவிட்' என்றிருந்தால் 'நியூட்ரல்' ஆக்குங்கள். சரிகை அங்கங்கே வெடித்து மின்னலாம், அது உலோகம். சிவப்புத் துணியில் நெசவு அழிந்தால் பிறகு எந்த மென்பொருளாலும் திரும்ப வராது.

வாசல் வெயிலும் உள்லைற்றும் ஒரே சேலையில் கலந்தால் எந்த வெள்ளைச் சமநிலையும் (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் கமரா அமைப்பு) இரண்டுக்கும் பொருந்தாது. கிளிநொச்சிக் கடைகள் இருக்கிற ஏ9 வீதி கிட்டத்தட்ட வடக்குத் தெற்காக ஓடுவதால், மேற்குப் பக்கக் கடைகளுக்குள் காலை வெயில் நுழையும். கிழக்குப் பக்கக் கடைகளுக்குள் பின்னேர வெயில். எந்தப் பக்கக் கடை என்று கேட்டுவிட்டு நேரத்தைச் சொல்லுங்கள். வெயில் இல்லாத நேரத்தில் வாசலிலிருந்து இரண்டு எட்டு உள்ளே, முகம் வெளியே பார்க்க நிறுத்தினால் அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஆனால் வாசலில் நீலத் தறப்பாள் கட்டியிருந்தால் அரக்கு ஊதாவாகிவிடும். அங்கே எடுக்காதீர்கள். சமநிலைக்குச் சாம்பல் அட்டை பிடியுங்கள். நீலம் போட்டுத் தோய்த்த வேட்டியைக் காட்டி அளந்தால் படம் முழுக்க மஞ்சள் ஏறும்.

கேள்வி: கண்ணாடியில் பார்க்கிற பொம்பிளையை எடுத்தால் முகம் தெளிவில்லை, அல்லது நானும் படத்துக்குள் நிற்கிறேன்.
- வாசகர், முள்ளியவளை

பதில்: பொம்பிளை கண்ணாடியிலிருந்து 1 மீற்றர், நீங்கள் 2 மீற்றர் என்றால், கண்ணாடிக்குள் தெரியும் முகம் உங்களுக்கு 3 மீற்றர் தூரம். கமராவோ கண்ணாடிச் சட்டத்தையோ அதில் ஒட்டிய ஸ்ரிக்கரையோ பிடித்துக்கொள்ளும். குவியப் புள்ளியை நீங்களே கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணில் வையுங்கள். கண்ணாடிக்கு நேரே நிற்காமல் அவருடைய தோளுக்குப் பக்கவாட்டில் நின்றால் நீங்கள் படத்துக்குள் விழமாட்டீர்கள். பிளாஷ் வேண்டாம். கண்ணாடியில் பின்னால் நிற்கிற மற்ற வாடிக்கையாளரும் விழுவார்கள், அனுப்புவதற்கு முதல் ஒவ்வொரு படத்தையும் பாருங்கள். உடை மாற்றும் அறைப் பக்கம் கமராவைத் திருப்பவே கூடாது. கடைக்காரர் சல்வாருக்கு மேலே கொசுவம் பிடித்து முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுகிற அந்த அரை நிமிஷமே போதும்: முந்தானை விழும் தோள், கரையைத் தடவிப் பார்க்கும் விரல், பின்னால் வாயைத் திறக்காமல் நிற்கிற மாமியின் முகம்.

கேள்வி: அக்கா கனடாவில். எனக்கு எடுக்கும் கூறையை வட்ஸ்அப் வீடியோவில் பார்த்துத்தான் 'ஓம்' சொல்வார். போனில் நிறம் சரியாகக் காட்ட வழி உண்டா?
- வாசகி, நெடுங்கேணி

பதில்: வீடியோவை நம்பாதீர்கள் தங்கச்சி, போன் நொடிக்கு நொடி நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும். வாசல் நிழலில் நிழற்படமாக எடுத்து, 'டொகியுமென்ற்' ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சரிகை நுணுக்கம் நசிந்துபோகும். சேலையின் மேல் உங்கள் கையை வைத்து எடுங்கள். உங்கள் கையின் நிறம் அக்காவுக்குத் தெரியும். படத்தில் கை சரியாக வந்திருந்தால் சேலையும் ஏறக்குறையச் சரி. எடுப்பதற்கு முதல் விலைத்துண்டை உள்ளே மடித்துவிடுங்கள்.