4294967297 பகா எண்ணா? அதன் சிறப்பு என்ன?

இல்லை, அது பகு எண். 641, 6700417 என்னும் இரு பகா எண்களின் பெருக்கற்பலன். 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 கூட்டினால் கிடைக்கும் இந்தப் பத்திலக்க எண்ணுக்கு முன்னால் அதே வரிசையில் (2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளுடன் 1 கூட்டி) நிற்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருப்பதால், இதுவும் அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா கருதினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அது தவறு என்று காட்டினார்.

641 மீதியின்றி வகுக்கும் என்பதை நெடிய வகுத்தல் கணக்கே இல்லாமல் காட்டிவிடலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16-உம் ஆகும். முதல் வடிவத்தின்படி 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 எனக் கொள்ளலாம் என்பதால், அதன் நான்காம் அடுக்கான 625 × 2²⁸ மீதி 1 தரும். இரண்டாம் வடிவத்தின்படி 625-க்குப் பதிலாக −16-ஐ, அதாவது −2⁴-ஐ இட்டால், −2³² மீதி 1 தருகிறது. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது.

இதே எண்ணை 65536² + 1² என்றும் 62264² + 20449² என்றும் இரு விதமாக வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். ஒற்றைப்படைப் பகா எண் எதற்கும் இவ்வாறு இரண்டு வழிகள் அமைவதில்லை என்பதால், காரணிகளைத் தேடாமலேயே இது பகு எண் என்பதற்கு இதுவும் தனிச் சான்றாகும்.