கருப்பைக்குள் கேமரா: காவடி முடியட்டும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று நாலு வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு தடவை லேசாக ரத்தம் பட்டது. டாக்டர் ஹிஸ்டரோஸ்கோபி செய்யச் சொல்கிறார். கருப்பையையே எடுத்துவிடுவார்கள் என்று நாத்தனார் பயமுறுத்துகிறாள். காவடி விரதம் முடிந்த பிறகு போகலாமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அக்கா, உங்கள் நாத்தனார் சொல்வது ஹிஸ்டரெக்டமி. அது வேறு. ஹிஸ்டரோஸ்கோபியில் கத்தியே படாது. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை யோனி வழியாகக் கருப்பைக்குள் விட்டு, உப்புநீரால் உள்ளே கொஞ்சம் விரித்து, திரையில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். பார்க்க மட்டும் என்றால் பத்து நிமிட வேலை.

தள்ளிப்போடாதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால், பெரும்பாலும் உட்சுவர் மெலிந்திருக்கும், இல்லை பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி இருக்கும். ஆனால் கருப்பைப் புற்றுநோயும் முதலில் இப்படித்தான் தலைகாட்டும். காவடி அடுத்த வருடமும் வரும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி வலி. நிறையப் பேருக்கு அது மாதவிலக்கு வலி மாதிரிதான். சிலருக்கோ உயிர் போகும். மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கருப்பை வாய் இறுகியிருக்கும் என்பதும் ஒரு காரணம். "கொஞ்ச நேரம்தானே, பொறுத்துக்கோங்க" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்கிற பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. மரத்துப்போக ஊசி உண்டா, மயக்க மருந்தில் செய்ய முடியுமா என்று தேதி குறிக்கும்போதே கேளுங்கள். மயக்க மருந்து என்றால் அன்று நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது, மகனையோ மகளையோ கூட்டிப் போங்கள். விழித்திருக்கும்போது செய்தால், ஒரு மணி நேரம் முன்னால் பனாடோவோ (பாராசிட்டமால்) புரூஃபெனோ (ஐபுப்ரோஃபென்) போடச் சொல்வார்கள். அல்சர், கிட்னிக் கோளாறு இருந்தால் புரூஃபென் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் தாங்கவில்லையா? "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள், நிறுத்தித்தான் ஆக வேண்டும். இன்னொரு நாள் மயக்க மருந்தோடு செய்துகொள்ளலாம்.

மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் முன் அனுமதி வாங்கியாயிற்றா என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சில நாள் லேசாக ரத்தம் படும், பேட் போதும். காய்ச்சல், துர்நாற்றம், கூடிக்கொண்டே போகும் வலி, மணிக்கு ஒரு பேட் நனையும் அளவுக்கு ரத்தம், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். லேப் ரிசல்ட் எப்போது வரும், யார் போன் செய்வார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.