வீட்டில் செய்யும் கேக் டோனட் எண்ணெய் குடிக்கிறது, வெளியே கறுத்து உள்ளே வேகாமல் இருக்கிறது. சரியாக வர என்ன செய்ய வேண்டும்?

ஈஸ்ட் போடாமல், பேக்கிங் பவுடர் போட்டுப் பொரிக்கும் டோனட்டைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன குறைகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எண்ணெயின் சூடு. வடை, பூரி போடும் பழக்கத்தில் எண்ணெயை நன்றாகக் காயவைத்துவிடுகிறோம். முதல் ஈடு கறுத்துப்போகிறது. பயந்துபோய் அடுப்பைச் சிம்மில் வைத்தால் அடுத்த ஈடு எண்ணெயில் ஊறிப்போகிறது. கேக் டோனட்டுக்கு உறவு வடை அல்ல, பாதுஷா. தயிரின் புளிப்பு, கொழுப்பு, மாவை அழுத்திப் பிசையாத கை, நிதானமான சூடு என்று இரண்டுக்கும் ஒரே குணம். பாதுஷா ஒழுங்காக வருகிறவர்களுக்கு இது கண்டிப்பாக வரும்.

அமெரிக்கக் கடைகளில் ‘ஓல்டு ஃபேஷன்டு’ என்ற பெயரில் கிடைக்கும் வகையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மேலே பூப்போல வெடித்து, விளிம்பு மொறுமொறுவென்று, உள்ளே கேக் மாதிரி இருக்கும். வீட்டில் செய்ய இதுதான் ஏற்றது. கடைகளில் வழுவழுப்பாக வரும் சாதா கேக் டோனட்டின் மாவு தளர்வானது. அதை இயந்திரம் வளையமாகப் பிழிந்து நேராக எண்ணெயில் விடும். அப்படி ஓர் இயந்திரத்தை 1920-ல் நியூயார்க்கில் அடால்ஃப் லெவிட் கொண்டுவந்த பிறகுதான் டோனட் மூலைக்கு மூலை விற்கும் பண்டமானது. அந்தத் தளர்ந்த மாவைக் கையால் வெட்டி எடுக்க முடியாது. வெட்டவருகிற பதத்துக்கு மாவைக் கொட்டிக்கொண்டே போனால் டோனட் கல்லாகிவிடும்.

10 டோனட்டுக்கு அளவு இது: மைதா 220 கிராம், கார்ன்ஃப்ளோர் 35 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன் (7 கிராம்), உப்பு அரை டீஸ்பூன், ஜாதிக்காய்த் தூள் அரை டீஸ்பூன், சர்க்கரை 100 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், முட்டை மஞ்சள் கரு 2, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 90 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் 30 கிராம். தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு கப் மைதாவை அமுக்கி அளப்பதற்கும் தளரப் போட்டு அளப்பதற்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும். இந்தப் பண்டத்தில் 30 கிராம் பெரிய விஷயம்.

கார்ன்ஃப்ளோர் எதற்கு? அமெரிக்கர்கள் இதற்குப் பயன்படுத்தும் கேக் மாவில் புரதம் 7 முதல் 9 சதவீதம்தான். நம் மைதாவில் அதைவிடக் கூடுதல். புரதம் கூடினால் மாவு இழுவை பிடித்து, டோனட் பன் போலச் சவைக்கும். வெள்ளை வெளேரென்று இருக்கும் கார்ன்ஃப்ளோர்தான் வேண்டும், மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல.

அமெரிக்க முறையில் சவர் க்ரீம் போடுவார்கள். அதில் புளிப்பும் இருக்கும், ஏறத்தாழ 20 சதவீதம் கொழுப்பும் இருக்கும். நம் தயிரில் புளிப்பு உண்டு, கொழுப்பு போதாது. அதனால்தான் க்ரீம் சேர்க்கிறோம். 200 கிராம் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள் 2 மணி நேரம் வடியவிட்டால் தேவையான அளவு கிடைத்துவிடும். வடிக்காமல் ஊற்றினால் மாவு கொழகொழவென்றாகி, அதைச் சரிக்கட்ட இன்னும் மைதா, மறுபடியும் கல்.

ஆப்பசோடா சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். சோடா தயிரின் புளிப்பை முறித்துவிடும். புளிப்பு போனால் உள்ளே வேகுமுன் வெளியே சிவந்துவிடும், சற்றுக் கூடினால் சவர்க்கார வாடையும் வரும். பேக்கிங் பவுடர் மட்டும் போதும். ஆனால் அது உயிரோடு இருக்க வேண்டும். ஒரு டீஸ்பூன் பவுடரைச் சூடான தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சடசடவென்று நுரைத்துப் பொங்கினால் நல்லது, சோம்பலாக நாலு குமிழி விட்டால் புதிய டப்பா வாங்குங்கள்.

ஜாதிக்காயை விட்டுவிடாதீர்கள். ‘டோனட் வாசனை’ என்று நாம் அடையாளம் காண்பதில் பெரும்பங்கு அதுதான். முழுக்காயை அப்போதே துருவுங்கள். ஏலக்காய் போட்டாலும் ருசிக்கும், ஆனால் வாசனை டோனட்டை விட்டு நம் டீக்கடை வெட்டு கேக்கின் பக்கம் போய்விடும்.

இனி மாவு. மைதா, கார்ன்ஃப்ளோர், பேக்கிங் பவுடர், உப்பு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை சலித்து வையுங்கள். வெண்ணெய் விரல் வைத்தால் பதியும் அளவுக்கு இளகியிருக்கட்டும், உருகக்கூடாது. அதில் சர்க்கரையைப் போட்டுத் தேய்த்தால் ஈர மணல் போல வரும். வெண்ணெய் குறைவு என்பதால் கேக்குக்கு அடிப்பது போல நுரைத்து வராது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மஞ்சள் கருவைச் சேர்த்து, நிறம் வெளுத்துக் கெட்டியாகும்வரை 2 நிமிடம் அடியுங்கள். பிறகு மாவில் மூன்றில் ஒரு பங்கு, தயிர்-க்ரீமில் பாதி, மீண்டும் மாவு, மீதித் தயிர், கடைசியாக மாவு என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கரண்டியால் மடித்துக் கலக்குங்கள். வறண்ட மாவு கண்ணில் படாத இடத்தில் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவு போலப் பிசைந்தால் அதோடு டோனட் போயிற்று. இந்த நிலையில் மாவு கையில் ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். இங்கேதான் பலரும் பதறி மைதாவைக் கொட்டுகிறார்கள்.

ஒட்டுவதற்கு மருந்து ஃப்ரிட்ஜ். மாவை ஒரு அங்குலக் கனத்துக்குத் தட்டையாக்கி, காற்றுப் புகாமல் மூடி, குறைந்தது 1 மணி நேரம் குளிரவையுங்கள். ராத்திரி முழுக்க வைத்தாலும் கெடாது. வெண்ணெய் இறுகும், மைதா ஈரத்தை உள்வாங்கும், ஒட்டுவது தானாகக் குறையும். சமையலறை 32 டிகிரியில் கொதிக்கும் ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு. வெளியே கிடந்தால் பேக்கிங் பவுடர் பாத்திரத்திலேயே வேலையை ஆரம்பித்துவிடும். எண்ணெயில் விழும்போது உப்புவதற்குச் சரக்கு இருக்காது.

மாவு தூவிய பலகையில் 12 மில்லிமீட்டர் கனத்துக்குத் திரட்டுங்கள். ஒரு ஸ்கேலை நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம். 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் நடு வேகாது, 8-க்குக் கீழே போனால் பிஸ்கட். 7 சென்டிமீட்டர் வாயுள்ள எவர்சில்வர் டம்ளரும், நடுவில் துளைக்கத் தண்ணீர் பாட்டில் மூடியும் போதும். விளிம்பை ஒவ்வொரு முறையும் மைதாவில் தொட்டு, நேராக அழுத்தி எடுங்கள். திருகினால் ஓரம் நசுங்கி ஒரு பக்கம் மட்டும் உப்பும். மிச்சத் துண்டுகளை ஒருமுறை மட்டும் சேர்த்துத் திரட்டலாம், அந்த டோனட் சற்று இறுக்கமாகத்தான் வரும். ஒட்டியிருக்கும் உலர்ந்த மாவைப் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அது எண்ணெயில் உதிர்ந்து கருகி, கடைசி ஈடுகளுக்குக் கசப்பு ஏற்றும். எண்ணெய் காயும் நேரத்தில் வெட்டியவை 5 நிமிடம் வெளியே இருக்கட்டும். விறைத்த குளிரோடு போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

அடி கனமான இரும்பு வாணலியில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எண்ணெய் வேண்டும். 24 சென்டிமீட்டர் வாணலிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர். சிக்கனம் பார்த்துக் குறைத்தால் டோனட் அடியில் உட்கார்ந்து ஒரு பக்கம் தீயும். எண்ணெய் 170 டிகிரி செல்சியஸ் வந்ததும் டோனட்டைப் போட வேண்டும். போட்டதும் 160-க்கும் 165-க்கும் இடையில் இறங்கும், பொரிந்து முடியும்வரை அந்த இடைவெளியிலேயே நிற்கும்படி தீயைக் கூட்டிக் குறையுங்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள் என்றே வற்புறுத்துவேன், இந்தப் பண்டத்துக்கு அதைவிட உதவும் சாமான் இல்லை. அது வரும்வரை, சுண்டைக்காய் அளவு மாவைப் போட்டுப் பாருங்கள். அடியைத் தொட்டு, மூன்று நான்கு நொடி அங்கேயே நின்று, சிறுகுமிழிகளோடு மெல்ல மேலே வந்தால் பதம். போட்டதும் துள்ளி மேலே வந்தால் அது வடைச் சூடு, அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஒரு ஈட்டுக்கு மூன்று போதும். டோனட் முதலில் மூழ்கி, பிறகு மிதக்கும். மிதந்து 15 நொடி ஆனதும் ஜல்லிக்கரண்டியால் மெதுவாகத் திருப்புங்கள். வெடிப்பு வருவதன் சூட்சுமமே இந்தச் சீக்கிரத் திருப்பல்தான். எண்ணெயில் கொஞ்சநேரம் பட்ட பக்கத்தில் மெல்லிய தோல் கட்டியிருக்கும், அது இப்போது மேலே வந்துவிட்டது. கீழிருந்து சூடு ஏற ஏற உள்ளே வாயுவும் நீராவியும் விரிந்து அந்தத் தோலைப் பிளந்துகொண்டு மலரும். வெட்டு கேக் நாலாக விரிவதும் இதே கணக்கில்தான். அந்தப் பக்கம் ஒன்றரை நிமிடம் பொரிந்து, மேலே வெடிப்பு தெளிவாகத் தெரிந்த பிறகு மறுபடி திருப்பி இன்னொரு ஒரு நிமிடம் விடுங்கள். வெடித்த ஓரங்கள் தேன் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிடலாம். சூடு அதிகமாக இருந்தால் தோல் விறைத்து வெடிப்பே வராது, அல்லது ஒரே இடத்தில் பிய்ந்து உள்ளிருக்கும் பச்சை மாவு பிதுங்கும்.

எடுத்த பிறகு வரும் முதல் நிமிடத்தைக் கவனியுங்கள். பொரியும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போகாது. வெளியே எடுத்ததும் உள்ளே நீராவி குளிர்ந்து சுருங்கும், அப்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை டோனட் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கரண்டியிலேயே இரண்டு நொடி வடியவிட்டு, கம்பித் தட்டில் வையுங்கள். செய்தித்தாளில் அடுக்கினால் அடிப்பக்கம் தன் எண்ணெயிலேயே புழுங்கும்.

இவ்வளவு செய்தும் எண்ணெய் குடித்தால், மாவில் தேடுங்கள். சர்க்கரையோ வெண்ணெயோ கூடியிருக்கும். பேக்கிங் பவுடர் கூடினாலும் அப்படித்தான், டோனட் அளவுக்கு மீறிப் பொங்கி, சல்லடையாகி உறிஞ்சும். மஞ்சள் கருவைக் குறைத்தாலும் இந்தக் குறை வரும், அதிலுள்ள லெசித்தின்தான் கொழுப்பையும் ஈரத்தையும் பிணைத்து வைக்கிறது. முட்டை சேர்க்காதவர்கள் 1 டேபிள்ஸ்பூன் சோயா மாவும் இன்னொரு 30 கிராம் க்ரீமும் சேர்த்துப் பார்க்கலாம். சோயாவிலும் லெசித்தின் உண்டு. கொஞ்சம் உதிரும், நிறமும் குறையும், சாப்பிட நன்றாகவே இருக்கும்.

எந்த எண்ணெய் என்றால், வாசனை இல்லாத ரீஃபைண்ட் கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி. செக்கு எண்ணெயின் மணம் ஜாதிக்காயை அமுக்கிவிடும். அமெரிக்கக் கடைகளில் அறைச் சூட்டில் உறையும் கொழுப்பில் பொரிப்பார்கள். ஆறியதும் அது மேலே உறைந்துவிடுவதால் கையில் பிசுபிசுக்காது, சர்க்கரைப் பூச்சும் வழியாது. நம் வனஸ்பதியும் அந்தக் குணம் உள்ளதுதான். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் அதில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் நிறைகொழுப்பு நிறைய உள்ள பொருள் என்பதால், வீட்டுக்கு எண்ணெயே போதும் என்பது என் கருத்து. பூச்சு கொஞ்சம் ஈரமாக நிற்கும், அவ்வளவுதான்.

பூச்சுக்கு 250 கிராம் ஐசிங் சர்க்கரை, 50 மி.லி. வெந்நீர், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா அரை டீஸ்பூன். வீட்டுச் சர்க்கரையை மிக்ஸியில் நைசாக அரைத்து 1 டீஸ்பூன் கார்ன்ஃப்ளோர் கலந்தாலும் சரி. டோனட் கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது வெடித்த பக்கத்தை முக்கி எடுத்து, 15 நிமிடம் காயவிடுங்கள். கொதிக்கக் கொதிக்க முக்கினால் பூச்சு உருகி உள்ளே போய்விடும். முழுக்க ஆறிவிட்டால் மேலே தடிப்பாக நின்று, பிறகு ஓடு போல உதிரும்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் இலையுதிர் காலத்து ஆப்பிள் தோட்டங்களில் விற்கும் சைடர் டோனட்டையும் இதே கையோடு முயலலாம். அங்கே சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு, வினிகர் அல்ல. 350 மி.லி. சாற்றை 80 மி.லி. ஆகும்வரை சுண்டக் காய்ச்சி, ஆறவைத்து, க்ரீமுக்கும் பாதித் தயிருக்கும் பதிலாகச் சேருங்கள். சுண்டாத சாறு மாவைத் தளர்த்துமே தவிர ருசி சேர்க்காது. அதற்கு வெடிப்பு தேவையில்லை என்பதால் 180 டிகிரியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் பொரித்து, சூட்டோடு பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்ட வேண்டும்.

நடுவில் வெட்டியெடுத்த உருண்டைகளைக் கடைசி ஈடாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே வெந்துவிடும். டோனட் அன்றைக்கே தீரவேண்டிய பண்டம். மறுநாளுக்கு வேண்டுமென்றால் பூச்சு போடாமல் எடுத்துவைத்து, 180 டிகிரி ஓவனில் 4 நிமிடம் சூடாக்கிய பிறகு முக்குங்கள். ஓரம் மறுபடி மொறுமொறுப்பாகும்.