தனியாக நிற்கும் பாத்டப்புக்குக் குழாய் லைன் எப்படிக் கொடுப்பது?

டைல்ஸ் ஒட்டும் முன்பே கேட்டது நல்லது. முதல் மாடி பாத்ரூம், டப் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மொட்டைமாடியில் தொட்டி, தரையிலிருந்து எழும் குழாய்தான் சரி என்கிறார் பிளம்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டப்பைச் சுவர்ப்பக்கம் நகர்த்தி, நடுவில் துடைக்கக் கை போகும்படி ஆறு அங்குலம் விட்டால் போதும், ஒன்பது பத்து அங்குலம் நீண்ட வாயுள்ள சுவர் மிக்சரே (சுடுதண்ணீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து விடும் சுவர்க்குழாய்) தண்ணீரை டப்புக்குள் விட்டுவிடும்.

தரைக்குழாய் பார்க்க அழகுதான். ஆனால் அதன் அடித்தட்டைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், வெறும் டைல்ஸ் மேல் நிறுத்தினால் கொஞ்ச நாளில் ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் வந்தால் அடியில் இருக்கும் இணைப்பு கசியும், உங்களுக்கோ அது கீழ்வீட்டு சீலிங்கில் ஈரமாகத்தான் தெரியவரும். கட்டாயம் அதுதான் வேண்டும் என்றால் டப்பும் குழாயும் கைக்கு வந்த பிறகு, கம்பெனி வரைபடத்தை வைத்து அளவு குறித்து, அப்புறம் தரையைத் தொடச் சொல்லுங்கள்.

இப்போது அழுத்தம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் சொல்வார்கள்; பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறக்குறைய 1 பார். உங்கள் தொட்டித் தண்ணீர் குழாய் வாய்க்கு மேலே 4 மீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 0.4 பார்தான், அதுவும் பைப் வளைவுகளில் இன்னும் குறையும். குழாய் வாங்கும்போது குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று கேட்லாக்கில் பாருங்கள், 1 பார் என்று போட்டிருந்தால் பிரஷர் பம்ப் இல்லாமல் டப் நிரம்ப ரொம்ப நேரம் ஆகும். பம்ப் வைத்தால் பச்சைத்தண்ணீர், கீசர் இரண்டு லைனுக்கும் சேர்த்து வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் மிக்சருக்குள் வேகமான தண்ணீர் மற்றதைத் தள்ளிவிடும், சூடு நிலையாக வராது. கீசர் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைப் அரை அங்குலம் வேண்டாம், டப் வரைக்கும் முக்கால் அங்குல சிபிவிசி (சுடுதண்ணீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப்) இழுங்கள். சாதாரண யுபிவிசி சுடுதண்ணீருக்கு ஆகாது. இரண்டு லைனுக்கும் தனித்தனி வால்வு, கை எட்டும் இடத்தில்.

கீசர் எத்தனை லிட்டர் என்று நீங்கள் சொல்லவில்லை. டப்பில் 150 லிட்டர் நிரப்புவதாக வைத்தால், 28 டிகிரி பச்சைத்தண்ணீரோடு 60 டிகிரி சுடுதண்ணீர் கலந்து 40 டிகிரி ஆக்க 56 லிட்டர் சுடுதண்ணீர் வேண்டும். 25 லிட்டர் கீசர் பாதிக்குக்கூட வராது.

ஹேண்ட் ஷவர் சேர்த்து வாங்கினால் அதில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஷவர் தலை டப் தண்ணீரில் கிடக்கும்போது அழுக்குத் தண்ணீர் பைப்புக்குள் திரும்ப உறிஞ்சப்படலாம். குழாய் வாயும் டப் விளிம்புக்கு மேலே இடைவெளி விட்டு இருக்கட்டும்.

டைல்ஸ்காரர் வருவதற்கு முன்னால் லைன் முனைகளை அடைத்து, டெஸ்ட் பம்ப் போட்டு அழுத்தம் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். மறுநாள் காலையில் அழுத்தம் காட்டும் கேஜ் முள் இறங்கியிருந்தால் கசிவைக் கண்டுபிடிக்கும் வரை டைல்ஸ் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள்.