பக்கவாட்டில் ஒரு நாள்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் வேறு ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, என் பழைய நிசான் சில்வியா காரைப் பந்தயத் தடத்தில் ட்ரிஃப்ட் செய்துவிட்டு (அதாவது, பின்சக்கரங்களை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, வளைவில் பக்கவாட்டாக ஓட்டிவிட்டு) வந்ததைப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். சரி, பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: நாள் முழுக்கப் புகை கிளப்பிக்கொண்டே இருந்தீர்களா?

எங்கே! காலை 7 மணிக்குப் போய் மாலை 5 மணிக்குத் திரும்பினேன். கார் ஓடியது எல்லாம் சேர்த்து 50 நிமிடம் இருந்தால் அதிகம். மற்ற நேரம் வரிசையில் நிற்பது, டயர் மாற்றுவது, பானட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஆறவிடுவது.

முதலில் காரைச் சோதித்தார்கள். பேட்டரி ஆடுகிறதா, ஆயில் ஒழுகுகிறதா, கட்டி இழுக்கக் கொக்கி இருக்கிறதா என்று பார்த்தார்கள். என் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்தது. சோதித்தவர் அதை எடுத்து என் கையில் கொடுத்து, "இது பிரேக் பெடலுக்கு அடியில் போயிருந்தால்?" என்று மட்டும் கேட்டார். 20 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் தண்ணீர் தெளித்த தளத்தில் ஒற்றைக் கோனைச் சுற்றி வட்டம், பிறகு இரண்டு கோன்களைச் சுற்றி எட்டு. உலர்ந்த தடத்தில் ஒரே ஒரு வளைவைத் தொட்டது மதியத்துக்குப் பிறகுதான்.

கேள்வி: பின்பக்கம் வழுக்கியதும் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் சுழற்ற வேண்டுமாமே? அவ்வளவு வேகம் கைக்கு எப்படி வரும்?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். காலையில் 11 முறை சுழன்று நின்றேன். எண்ணியது நானில்லை, பக்கத்து சீட்டில் இருந்த பயிற்சியாளர். ஒவ்வொரு முறையும் கை கொஞ்சம் பிந்திவிடும். கடைசியில் அவர் சொன்னார்: "நீங்க திருப்பாதீங்க. விடுங்க."

விஷயம் இதுதான். வால் வெளியே போனதும், கார் உண்மையில் எந்தத் திசையில் நகர்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரங்கள் தாமாகவே திரும்பப் பார்க்கும். முன்சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை பின்பக்கமாகச் சாய்ந்திருப்பதால் வரும் குணம் இது. காஸ்டர் என்பார்கள். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம், தள்ளுகிற பக்கம் தானே திரும்பிக்கொள்கிறதல்லவா, அதன் ஒன்றுவிட்ட உறவு. விரலைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் சரசரவென்று ஓடும். சரியான இடத்தில் பிடித்து நிறுத்துவதுதான் நம் வேலை.

12-ஆவது முறை விட்டேன். ஸ்டீயரிங்கின் தோல் உறை கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. பிடித்தேன். கார் பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருந்தது, முன்கண்ணாடியில் தெரிய வேண்டிய பாதை பக்கத்து ஜன்னலில் தெரிந்தது. 3 வினாடி இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பின்டயர்கள் சட்டென்று தரையைப் பிடித்துக்கொள்ள, கார் மறுபக்கம் வீசி, கோனை அடியில் இழுத்துக்கொண்டு போய் நின்றது.

காலை முழுதாக எடுக்கவே கூடாது. கொஞ்சம் அழுத்தினால் வால் வெளியே போகும், கொஞ்சம் குறைத்தால் உள்ளே வரும். கையைவிடக் காலுக்குத்தான் வேலை அதிகம்.

கேள்வி: என் கார் முன்சக்கர இயக்கம். ஹேண்ட்பிரேக் இழுத்து ட்ரிஃப்ட் செய்யலாமா?

வழுக்கலாம், ட்ரிஃப்ட் ஆகாது. பூட்டிய பின்சக்கரம் வேகத்தைத் தின்றுவிடும். வழுக்கலை நீட்டிக்க இன்ஜினின் சக்தி பின்சக்கரத்துக்குப் போக வேண்டும்.

கேள்வி: என்னென்ன மாற்றினீர்கள்? எத்தனை குதிரைத்திறன்?

குதிரைத்திறனை எல்லோரும் கேட்கிறார்கள், டிஃபரன்ஷியலை ஒருவரும் கேட்பதில்லை. இன்ஜினின் சக்தியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி அது. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில், வளைவில் பாரம் குறைந்த உள்பக்கச் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றிப் புகைவிடும். இரண்டும் சேர்ந்து சுற்றினால்தான் வால் சீராக வெளியே போகும். அதற்கு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போடுவார்கள். கை இறுக்கமானவர்கள், உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை வெல்டு வைத்துவிடுவார்கள். நான் கை இறுக்கமானவன். பிட்டில் (தடத்தின் ஓரம் கார்கள் நிற்கும் இடம்) மெதுவாகத் திரும்பும்போது டயர் கீச்சிட, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பழகிவிட்டது.

மற்றபடி உடம்பை அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட், இறுக்கமான சஸ்பென்ஷன், முன்சக்கரம் கூடுதலாகத் திரும்ப ஒரு சின்ன மாற்றம். இன்ஜினைத் தொடவில்லை. பின் பம்பர் தடத்திலேயே 'மாறியது': மண்ணில் இறங்கியதில் ஒரு பக்கம் கழன்று, இப்போது 6 கேபிள் டையில் தொங்குகிறது.

கேள்வி: டயர் எத்தனை போனது?

பின்னால் 2 ஜோடி. நல்ல டயரை முன்னால் போடுங்கள், காரை வழிநடத்துவது அதுதான். பின்னால் பாதி தேய்ந்தவை போதும். இரண்டாவது ஜோடியில் ரப்பருக்கு அடியிலிருந்து கம்பி எட்டிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

கேள்வி: வழுக்காமல் ஓட்டுகிறவன்தானே முந்துவான்? இதில் என்ன போட்டி?

தார்த் தளத்தில் அவர்தான் முந்துவார், மறுக்கவில்லை. ஆனால் டைவிங் போட்டியில் யார் முதலில் தண்ணீரைத் தொட்டார் என்றா பார்க்கிறோம்?

1970-களில் ஜப்பானில் பந்தய வீரர் குனிமித்சு தக்காஹாஷி வளைவுகளில் காரை வழுக்கவிட்டு ஓட்டியதைப் பார்த்துத்தான், பின்னாளில் 'ட்ரிஃப்ட் கிங்' என்று பெயரெடுத்த கெய்ச்சி சுச்சியாவுக்கு இந்தப் பித்து பிடித்தது. (தக்காஹாஷி அதற்கு முன் மோட்டார் சைக்கிள் வீரர். 1961-ல் கிராண்ட் பிரீ வென்ற முதல் ஜப்பானியர்.) சுச்சியா மலைப்பாதைகளில் பழகியவர். 2001-ல் டி1 கிராண்ட் பிரீ என்று ட்ரிஃப்டுக்கென்றே ஒரு போட்டித் தொடர் வந்துவிட்டது. கோணம், பாதை, வேகம், ஓட்டும் அழகு என்று நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

கேள்வி: இரவில் காலியான சாலையில் பழகலாமா?

கூடாது. 11 முறை சுழன்றேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அத்தனை முறையும் என்னைச் சுற்றி இருந்தது ரப்பர் கோன் மட்டும்.

கேள்வி: மறுபடி போவீர்களா?

டயர் கிடைத்ததும். 15 அங்குலம், பாதி தேய்ந்திருந்தால் போதும். யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.